ஆக்கப் பொறுத்தோம்... ஆறப் பொறுத்தோமா?

எங்கள் வீட்டில் ஒரே ஒரு பழமொழிக்கு மட்டும் தடை. ‘ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையா?’ - தட்டில் சோறு விழுந்ததும் பறக்கிற பிள்ளைகளிடம் ஊரில் எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். என் அம்மா சொல்ல மாட்டார். “ஊதிச் சாப்பிடு கண்ணு” என்பதோடு நிறுத்திக்கொள்வார். வீட்டுக்கு வந்த யாராவது அதைச் சொல்லிவிட்டால், அம்மா சட்டென்று அப்பாவின் முகத்தைப் பார்ப்பார். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

காரணம், 1993-ல் கோவையில் வார்த்த 14 டன் எடையுள்ள ஓர் இரும்பு.

அப்பா ஃபவுண்டரியில் மோல்டிங் மேஸ்திரி. கோவைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பம்ப்செட், கிரைண்டர், மில் மெஷின், லேத் என்று எதைத் தொட்டாலும் அதற்குள் ஏதோ ஒரு ஃபவுண்டரியில் ஊற்றிய இரும்பு இருக்கும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேண்டிய உருவத்தை முதலில் மரத்தில் செய்வார்கள். அதற்குப் பேட்டர்ன் என்று பெயர். அதை மண்ணுக்குள் வைத்து இடித்து இறுக்கி, பிறகு பேட்டர்னை உருவி எடுத்தால் மண்ணில் அதன் அச்சு நிற்கும். அந்த அச்சுக்குள் உருக்கிய இரும்பை ஊற்ற வேண்டும். ஆறியதும் மண்ணை உடைத்தால் வார்ப்பு தயார்.

சொல்வதற்கு மூன்று வரி. அப்பாவுக்கு அது 38 வருஷம்.

வீட்டுக்கு வரும்போது கருகிய மண்ணும் கரிப்புகையும் கலந்த ஒரு வாசம் அவருடனே வரும். குளித்தாலும் போகாது. சின்ன வயதில், எல்லா அப்பாக்களுக்கும் அந்த வாசம்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்ணு மிதக்கும் கண்ணு

அந்த வருஷம் அப்பாவின் ஃபவுண்டரிக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஃபோர்ஜிங் பிரஸ் ஒன்றின் அடிப்பாகம். அதுவரை அவர்கள் வார்த்ததில் பெரியது மூன்று, நான்கு டன்தான். இது 14 டன்.

கொல்லர் பட்டறையில் சிவக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடித்துக் கடப்பாரை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். லாரியின் ஆக்ஸில், டிராக்டரின் கிராங்க் ஷாஃப்ட் இவையெல்லாம் பிறப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். சம்மட்டிக்குப் பதில் பிரஸ். அது அடிக்காது, அமுக்கும். பழுத்த எஃகுத் துண்டு ஒன்றை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து, சப்பாத்தி மாவைப்போல அமுக்கி உருவமாக்கிவிடும்.

எங்கள் ஊருக்கு வந்த ஆர்டர் ஆயிரம் டன் பிரஸ்ஸுக்கு. ஆயிரம் டன் என்பது அதன் எடை அல்ல, அது அமுக்கும் பலம். அந்தக் காலத்து லாரிகளில் அறுபதைச் சுமையோடு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன கனம் கனக்குமோ, அத்தனை கனம். மேலிருந்து அந்தப் பலம் இறங்கும்போது கீழே ஒன்று அசையாமல் வாங்கிக்கொள்ள வேண்டுமே? அதுதான் அடிப்பாகம். நாள் முழுக்க, வருஷக்கணக்கில், ஒவ்வோர் அமுக்கலையும் அது வாங்கியாக வேண்டும்.

வார்ப்பிரும்பை இதற்கு ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். “அமுக்குனா தாங்கும் கண்ணு. இழுத்தாத்தான் ஒடையும். அதிர்வையும் தனக்குள்ளயே முழுங்கிக்கும்” என்றார். பின்னாளில் நான் இயற்பியல் ஆசிரியை ஆனபோது, புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருந்தது இதுதான்.

பேட்டர்ன் செய்ய ஆசாரிகள் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார்கள். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில். இரண்டரை மீட்டர் நீளம் வேண்டுமென்றால், பேட்டர்ன் 25 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கென்றே ஆசாரிகளிடம் தனி ஸ்கேல் உண்டு. அதில் ஒரு மீட்டர் என்பது உண்மையான மீட்டரைவிடக் கொஞ்சம் பெரியது. அப்பா ஒருநாள் அதைக் கொண்டுவந்து என் பள்ளிக்கூட ஸ்கேலோடு சேர்த்து வைத்துக் காட்டினார். “எது சரியான ஸ்கேலுப்பா?” என்றேன். “ரெண்டுமே சரிதான். உன்னது இருக்கறதை அளக்கும். இது வரப்போறதை அளக்கும்” என்றார்.

அத்தனை பெரிய உருவத்துக்குப் பெட்டி போதாது. தரையில் குழி வெட்டினார்கள். அடியில் கரித்துண்டுகளைப் பரப்பி, மண்ணிலிருந்து கிளம்பும் வாயு வெளியேறக் குழாய்கள் விட்டு, அதன் மேல் மண்ணை அடுக்கடுக்காக இடித்தார்கள். வார்ப்பின் உள்ளே வெற்றிடம் வர வேண்டிய இடங்களில் வைக்க, கெட்டியான மண் கட்டிகள் தனியே தயாராயின. அதற்குக் கோர் என்று பெயர். குழிக்குள் இரண்டு ராத்திரி கரி நெருப்பு மூட்டி ஈரத்தை விரட்டினார்கள். ஈரம் கொஞ்சம் தங்கியிருந்தாலும், உருகிய இரும்பு பட்டதும் அது ஆவியாகி வெடிக்கும். உயிர் போகும்.

எனக்கு அதிசயமாக இருந்தது இன்னொன்று. கோர்களைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினார்கள். மூடியின் மேல் பழைய வார்ப்புகளையும் இரும்புக் கட்டிகளையும் ஏற்றினார்கள். வார்ப்பு 14 டன், மேலே ஏற்றிய பாரம் 20 டன்னுக்கு மேல். “ஏம்ப்பா?” என்றால், “மண்ணு மிதக்கும் கண்ணு” என்றார்.

உருகிய இரும்பு தண்ணீரைப்போல ஏழு மடங்கு கனம். தண்ணீரில் தக்கை எழும்புவதுபோல இரும்புக் குழம்பில் மண் எழும்பும். மூடியையே தூக்கிவிடும். இன்றும் என் வகுப்பில் மிதத்தல் பாடத்தை இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறேன். ஒரு பிள்ளையும் நம்பாது.

இரும்பு ஊற்றிய அன்று சாயங்காலம், வாசல்வரை வர எனக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு குபோலா உலைகளும் காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தன. இரண்டு பெரிய லேடில்களில், தலைக்கு எட்டு டன், 1,300 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும் இரும்பு. கிரேன்கள் இரண்டையும் குழிக்கு எதிரெதிர்ப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தின. அப்பா கையைத் தூக்கினார். நாற்பது பேர் நிற்கிற இடத்தில் ஒரு பேச்சு இல்லை. கையை இறக்கியதும் இரண்டும் ஒரே நேரத்தில் சாய்ந்தன. மண்ணின் துவாரங்களில் எல்லாம் நீல நிறத்தில் தீ எழும்பியது. மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. மேல் வாய்கள் நிரம்பி, சூரியனைத் துண்டு போட்டு வைத்ததுபோல ஜொலித்தன.

யாரோ விசில் அடித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “ஊத்தறது பாதி வேலைதான்” என்றார்.

ஏழாம் நாள்

மீதிப் பாதி வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது.

குறைந்தது 12 நாள் மண்ணுக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. மெல்லிய இடம் சீக்கிரம் ஆறும், தடித்த இடம் மெதுவாக ஆறும். ஆற ஆற எல்லா இடமும் சுருங்கும். சூட்டோடு வெளியே எடுத்தால் முதலில் இறுகிய மெல்லிய பாகத்தை, பின்னால் சுருங்கும் தடித்த பாகம் பிடித்து இழுக்கும். வார்ப்பிரும்புக்கு ஆகாதது அந்த இழுப்புதான். கொதிக்கும் கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ, அதையே மெதுவாக நினைத்துப் பாருங்கள்.

ஏழாம் நாள் காலை, ஆர்டர் கொடுத்தவரின் ஆள் வந்தார். ஆயுத பூஜைக்குள் சரக்கு வேண்டுமாம். முதலாளி அப்பாவைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பேங்க் கடன் கழுத்தைப் பிடித்திருந்தது. சரக்கு போனால்தான் பணம் வரும், பணம் வந்தால்தான் தீபாவளி போனஸ்.

“மேஸ்திரி, பெட்டியைத் தொட்டுப் பாத்தேன். கை வெக்கற சூடுதானே இருக்குது?”

“வெளியதானுங்க. உள்ள இன்னும் செவப்பா இருக்குமுங்க.”

“நாப்பது குடும்பம் மேஸ்திரி. நீங்க சொல்றதுதான். வேணாம்னா வேணாம்.”

முதலாளி கட்டாயப்படுத்தியிருந்தால் அப்பா மறுத்திருப்பார் என்று அம்மா சொல்வார். முடிவை அவர் கையிலேயே கொடுத்ததுதான் வினை. அப்பா சுற்றிலும் பார்த்திருக்கிறார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அடுத்த மாதம் பெண்ணின் கல்யாணம்.

“சரிங்க. பிரிச்சுரலாமுங்க” என்றார்.

வார்ப்பு அழகாகத்தான் வந்திருந்தது. ஒரு குறையும் இல்லை. மண்ணைத் தட்டி, பிசிறு வெட்டி, முற்றத்தில் இறக்கி வைத்தார்கள். முதலாளி எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அப்பா என் பங்கை மடித்து எடுத்து வந்தார்.

நான்காம் நாள் ராத்திரி, ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டதாக வாட்ச்மேன் சொன்னார். யாரோ பட்டாசு வெடித்தார்கள் என்று நினைத்தாராம்.

காலையில் அப்பா வார்ப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொன்னார். உள்பக்கத்து விலாக்களில் எல்லாம் துணியால் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புத் தூளைப் பூசினார். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் கசிந்து தூளில் கோடாகத் தெரியும். பத்து நிமிஷம் காத்திருந்தார்கள்.

வெள்ளைப் பூச்சின் மேல், விலா தடித்த சுவரோடு சேரும் மூலையில், தலைமுடி அளவுக்கு ஒரு கோடு மெல்ல எழுந்தது. ஒரு முழ நீளம்.

அப்பாவுக்குப் பின்னால் நின்ற ஒருவர் மெதுவாகச் சொன்னாராம்: “உள்பக்கம்தானுங்க மேஸ்திரி. பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா யாருக்கும் தெரியாதுங்க.”

அவர் சொன்னது பொய்யில்லை. தெரிந்திருக்காது. பிரஸ் ஓட ஆரம்பித்து ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அந்தக் கோடு நீண்டிருக்கும். ஒருநாள் ஆயிரம் டன் இறங்கும்போது இரண்டாகப் போயிருக்கும். அதற்கு முன்னால் ஒரு ஆள் நின்றிருப்பார்.

அப்பா நேராக முதலாளியின் அறைக்குப் போனார். “என் தப்புங்க. ஒடைச்சு உருக்கிருங்க” என்றார்.

முதலாளி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு எழுந்து வந்து, கோட்டைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “ஒடைங்க” என்றார். கிரேனில் கனமான இரும்பு உருண்டையைத் தூக்கி, மேலிருந்து விட்டு விட்டு உடைத்தார்கள். இரண்டு நாள் ஆனது. அந்தச் சத்தம் எங்கள் தெருவரை கேட்டது.

அந்தத் தீபாவளிக்குப் பாதி போனஸ்தான். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கையில் ஒரு அக்கா, அம்மாவின் காதுபட அந்தப் பழமொழியைச் சொன்னார். அவர் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை. அம்மா பதில் சொல்லவில்லை. குடம் நிரம்பி வழிந்தது தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

சுவரில் 15 கோடுகள்

இரண்டாவது முறை வார்த்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குழிக்குள் ஒரு சொட்டு இறங்கிவிடக் கூடாதென்று கூரைக்கு மேல் தார்ப்பாய் கட்டினார்கள். இரும்பு ஊற்றிய ராத்திரியிலிருந்து அப்பா வீட்டுக்கு வரவில்லை. யாரும் இருக்கச் சொல்லவில்லை, அவராக இருந்தார். குழிக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்தார்.

நான் ஒன்பதாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் சைக்கிளில் டிபன் கேரியர் கொண்டுபோவேன். மண் குவியலில் உட்கார்ந்து சாப்பிடுவார். பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் நாளுக்கு ஒரு கோடு போட்டிருந்தார். தீபாவளி அன்று அது ஐந்தாவது கோடு. புது பாவாடை தாவணியோடு போய் நின்றேன். “நல்லாருக்குது அம்மணி” என்று சொல்லிவிட்டு, “பட்டாசுச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழ மாட்டேங்குது” என்று கவலைப்பட்டார். அவர் இரும்பின் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டாம் நாள் முதலாளி வந்து, “எடுக்கலாமா மேஸ்திரி?” என்றார். “இன்னும் மூணு நாளுங்க.” அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பதினைந்தாம் நாள் பிரித்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு வாரம் முற்றத்தில் போட்டு, தினமும் மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் பூசிப் பார்த்தார் அப்பா. கோடு வரவில்லை.

சில மாதம் கழித்து, பிரஸ் ஓட ஆரம்பித்தபோது பூஜைக்கு அப்பாவையும் அழைத்திருந்தார்கள். என்னையும் கூட்டிப் போனார். எனக்குப் பெரிய ஏமாற்றம். அத்தனை பெரிய வார்ப்பில் முக்கால்வாசி தரைக்கு அடியில் போய்விட்டது. மேலே தெரிந்தது ஓர் அடி உயரம், அதிலும் பச்சை பெயிண்ட். “உன்னுது எங்கப்பா?” என்றேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்றார். சிவந்த எஃகின் மேல் பிரஸ் இறங்கியது. பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன அதிர்வு வந்து அடங்கியது. “இங்கதான் இருக்குது” என்றார்.

நாலு வருஷம் நிறுத்தி வெச்சாங்களா?

2012 வாக்கில் ஒரு செய்தி படித்தேன். அமெரிக்காவின் க்ளீவ்லேண்ட் நகரில் ஒரு ராட்சத பிரஸ் இருக்கிறது. அமுக்கும் பலம் 50,000 டன். 1955-லிருந்து விமானங்களின் முக்கிய பாகங்களைச் செய்துகொண்டிருக்கிறது. தரைக்குக் கீழேயே முப்பது அடிக்கு மேல் இறங்கியிருக்கும். அதன் பெரும் பாகங்கள் எஃகு வார்ப்புகள். 2008-ல் அவற்றில் விரிசல் கண்டுபிடித்து நிறுத்தினார்கள். புதிய பாகங்கள் செய்து மாற்றி, மறுபடி ஓட்டியது 2012-ல்.

அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இத்தனை வருஷம் துண்டை மட்டும் மூக்கில் கட்டிக்கொண்டு சுவாசித்த மண் தூசி. “அவங்க வார்ப்புலயும் விரிசல் விழுந்துதா?” என்று இரண்டு முறை கேட்டார். “ஆமாப்பா. ஐம்பது வருஷம் ஓடின பிறகு.”

“நாலு வருஷம் நிறுத்தி வெச்சாங்களா?” என்றார். “ஆமாப்பா.” கொஞ்சநேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆரும் பட்டி பாக்கச் சொல்லலையாட்ட இருக்குது” என்று சிரித்தார். அந்த விஷயத்தைப் பற்றி அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். நான்கு வருஷம் கழித்து அவர் போய்விட்டார்.

இப்போது என் தம்பி மகன் கோவைக்கு வெளியே ஒரு ஃபவுண்டரியில் இன்ஜினீயர். அவன் ஊற்றுவது எஸ்.ஜி. அயர்ன். பழைய வார்ப்பிரும்பில் கார்பன் மெல்லிய இதழ்களாகப் படிந்திருக்கும், விரிசல் அந்த இதழ்களைப் பிடித்துக்கொண்டு ஓடும். உருகிய இரும்பில் கொஞ்சம் மெக்னீசியம் சேர்த்தால் கார்பன் குட்டிக் குட்டி உருண்டைகளாகிவிடும், இரும்பு இழுவையும் தாங்கும். 1948-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட முறை. ஆனால், மெக்னீசியத்தின் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும். கலந்த பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் ஊற்றியாக வேண்டும். ஜெர்மனியின் க்ரெஃபெல்ட் நகரில் இந்த முறையில் 200 டன்னுக்கு மேல் ஒரே வார்ப்பாக ஊற்றுகிறார்கள் என்று அவன்தான் சொன்னான்.

அவனிடம் வெப்பத்தை அளக்கும் கருவி உண்டு. எந்த மூலை எப்போது ஆறும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே படம் போட்டுக் காட்டுகிறது. “அப்பாருகிட்ட இதெல்லாம் இருந்திருந்தா...” என்பான். எனக்கு அதில் சந்தேகம். உள்ளே சிவப்பாக இருக்கிறது என்பது அன்றைக்கு அப்பாவுக்குத் தெரியாமலா இருந்தது?

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஒரு பிரஸ்ஸின் அடிப்பாகம், 22 டன். படத்தில் இரும்பு தெரியவில்லை, மண் மூடிய பெட்டி மட்டும்தான். கீழே, ‘அத்தை, பத்தாவது நாள். கஸ்டமர் தினமும் போன் பண்றாங்க’ என்று எழுதியிருந்தான்.

அம்மாவுக்கு இப்போது 78 வயது. போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த மண் பெட்டியை வெகுநேரம் பார்த்தார்.

“அவனுக்கு போன் போட்டுக் குடு” என்றார்.

போட்டுக் கொடுத்தேன்.

“ஆத்தா பேசறேன் சாமி” என்று ஆரம்பித்தவர், முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாததை முழுசாகச் சொல்லி முடித்தார்.